எருமையிடம் சொன்ன சேதி

பட்டு எருமையிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

சித்திரை மாதம். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. ஏரி பாதிக்கு மேல் உள்வாங்கி, துவைக்கிற கல்லுக்கும் தண்ணீருக்கும் நடுவே நாலைந்து முழத்துக்குச் சேறு காய்ந்து வெடித்துக் கிடந்தது. இடுப்பளவு தண்ணீரில் எருமையை நிறுத்தி, வைக்கோலைச் சுருட்டி அதன் முதுகைத் தேய்த்தபடி, துறை முழுக்கக் கேட்கும் குரலில் அவள் சொன்னாள்:

"ஏ கருப்பி, உனுக்குத் தெரியுமா? கோவிந்தனைப் பெத்தவ கீறாளே, அந்த மவராசி போயி ரெண்டு ஐப்பசி ஆவுது."

கோவிந்தன் என் அண்ணன். அவனைப் பெற்றவள்தான் என்னையும் பெற்றவள்.

பத்தடி தள்ளி உட்கார்ந்து என் மகளின் பாவாடையை அலசிக்கொண்டிருந்தேன். பாவாடை கையை விட்டு நழுவித் தண்ணீரில் மெல்லப் போனது. எட்டிப் பிடிக்கத் தோன்றவில்லை. என் அம்மா செத்துப்போனதை நான் தெரிந்துகொண்டது இப்படித்தான். என்னிடம் யாரும் சொல்லவில்லை. ஓர் எருமையிடம் சொன்னார்கள், நான் கேட்டுக்கொண்டேன்.

பதினைந்து மைல்

போன வாரம் நான் ஊரை விட்டுக் கிளம்பியதைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, "அதன் பிறகு அந்த ஊர்ப் பக்கம் தலைவைத்துப் படுக்கவே இல்லையா?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். படுத்தேன், அம்மா. ஊரே கூடி வேண்டாம் என்று சொன்ன பிறகும் படுத்தேன்.

அந்த இதழைப் படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாரிவாக்கத்துக்கு அந்தண்டை, ஏரிக்கரையை ஒட்டிய சின்ன ஊர் எங்களுடையது. பயிர் வைக்கிற குடும்பம். பத்து வயதில் எனக்குக் கல்யாணம் செய்தார்கள். பதினான்கில், அந்தப் புருஷனின் முகம் மனதில் பதிவதற்கு முன்பே, வாந்திபேதியில் அவன் போய்விட்டான். பத்தொன்பதாவது வயதில் நான் இன்னொருவரைக் கல்யாணம் செய்துகொண்டேன். பெயர் ஏகாம்பரம். திருமழிசையில் பிறந்தவர், பட்டணத்தில் ஓர் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கிற வேலை. எங்கள் ஜனத்தில் தாலியறுத்தவள் மறுபடியும் மாலை போட்டுக்கொள்வது நடக்காத காரியம். நடந்துவிட்டது. அண்ணன் என்னைத் தலைமுழுகினான்.

பெரம்பூரில் நாங்கள் இருந்த ஒண்டுக்குடித்தனத்திலிருந்து ஊர் பதினைந்து மைல்கூட இருக்காது. ஏழு வருஷம் அந்தப் பதினைந்து மைலை நான் தாண்டவில்லை. கடிதம் மட்டும் போட்டேன். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. யாராவது படித்துச் சொல்வார்கள் என்று நம்பிப் போட்டேன். ஒன்றுக்கும் பதில் வரவில்லை.

அப்புறம்தான் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்ற பேச்சு வந்தது. பேச்சே போதுமாக இருந்தது. ஒரே வாரத்தில் பட்டணம் காலியாகத் தொடங்கியது. எங்கள் எதிர்வீட்டுக்காரர் துளசி மாடத்தைப் பெயர்த்து வண்டியில் ஏற்றியதைப் பார்த்தேன். பக்கத்துக் குடித்தனத்து அம்மாளுக்கு ஆட்டுக்கல்லை விட்டுப்போக மனமில்லை; தூக்கவும் முடியவில்லை. கடைசியில் குழவியை மட்டும் புடவையில் சுற்றி, பிள்ளையைப் போல மடியில் வைத்துக்கொண்டு போனாள். அந்தக் கல்லில் பாதியை வைத்துக்கொண்டு அவள் எங்கே என்ன அரைத்தாளோ தெரியாது.

"பேப்பர் நிக்காம வரணும், நான் நகர முடியாது. நீ குழந்தையைக் கூட்டிக்கிட்டு எங்கேயாவது போயிடு" என்றார் என் வீட்டுக்காரர்.

அவருக்குத் திருமழிசையில் யாரும் மிச்சமில்லை.

"எங்கம்மா இருக்காங்க" என்றேன்.

இருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் வீட்டு வாசல்

பூந்தமல்லி சாலை முழுக்க மாட்டுவண்டிகள். பாத்திரம் ஒன்றோடொன்று இடிபடுகிற சத்தம் வழியெல்லாம் கூடவே வந்தது. என் மகள் வசந்தாவுக்கு அப்போது ஐந்து வயது. ஏதோ திருவிழாவுக்குப் போகிறோம் என்று நினைத்து, வண்டிக்கு வண்டி கையசைத்துக்கொண்டு வந்தாள்.

நண்பகலில் அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்றேன். கதவைத் திறந்தது என் அண்ணி செங்கமலம். என்னைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் கண் என் மகளின் மேல் போய் அங்கேயே நின்றது. பின்னாலிருந்து அண்ணன் வந்தான். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது.

"யாரு?" என்று அண்ணியைக் கேட்டான். நான் இரண்டடி தள்ளி நிற்கிறேன்.

"அண்ணா, நான்தான்."

"எனுக்குத் தங்கச்சி இல்ல" என்று நிலைப்படியைப் பார்த்துச் சொல்லிவிட்டு, கதவைச் சாத்தினான்.

"அம்மா!" என்று மூன்று தடவை கூப்பிட்டேன். உள்ளே சத்தமில்லை. அம்மாவுக்கும் வாய்ப்பூட்டுப் போட்டிருக்கிறான் என்றுதான் நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் பெரியதனக்காரர் வந்துவிட்டார். ஊரில் வழக்கு வந்தால் தீர்ப்புச் சொல்கிறவர் அவர்தான். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். ஊரில் பாதி வீடுகளில் பட்டணத்து உறவுக்காரர்கள் வந்து அடைந்திருந்தார்கள். ஏரியோ நாளுக்கு நாள் வற்றிக்கொண்டிருந்தது. அவருக்கு அந்தக் கவலை இருந்தது. ஆனால் மற்ற யாரையும் அவர் போகச் சொல்லவில்லை.

"தோ பாரும்மா. உன்னாண்ட இந்த ஊர்ல யாரும் பேசக்கூடாது. நெருப்பு குடுக்கக்கூடாது. உள்ள சேக்கக்கூடாது. இது ஊர்க் கட்டுப்பாடு. வந்த வண்டியிலயே திரும்பிடு."

"வண்டி போயிடுச்சி" என்றேன்.

"நடந்து போ."

"நடந்து போறதா இருந்தா வந்திருக்கவே மாட்டேன்."

அப்படிச் சொல்லிவிட்டேனே தவிர, எங்கே போவதென்று தெரியவில்லை. வசந்தா தண்ணீர் கேட்டு அழ ஆரம்பித்தாள். அப்போது ஏரிக்கரைப் பள்ளிக்கூடத்து வாசலிலிருந்து ஒரு குரல்: "குழந்தையை வெயிலில் நிற்க வைக்காதீர்கள். இங்கே வாருங்கள்."

எஸ்தர் டீச்சர். கிறிஸ்துவ வேதக்காரர், முந்தின வருஷம்தான் அந்த ஓரறைப் பள்ளிக்கூடத்துக்கு வந்தவர். பின்னாலேயே ஒரு தாழ்வாரம், அதில்தான் குடியிருந்தார். பெரியதனக்காரர் அவரையும் எச்சரித்துப் பார்த்தார்.

"ஐயா, உங்கள் கட்டுப்பாடு உங்கள் ஜனத்துக்கு. எனக்கு இல்லையே" என்று டீச்சர் கைகூப்பிச் சொன்னார். அவர் கைகூப்புவதைப் பார்த்தால் பணிவு போல இருக்கும். அசைக்க முடியாது என்பது அப்புறம்தான் தெரியும்.

அன்று மாலை கஞ்சியைக் கையில் கொடுத்துக்கொண்டே டீச்சர் சொன்னார்: "அந்த வீட்டில் வயதான அம்மா யாரையும் நான் வந்ததிலிருந்து பார்த்ததில்லையே, மரகதம்."

கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

துறை

மறுநாள் காலையில் துணி மூட்டையை எடுத்துக்கொண்டு துறைக்குப் போனேன். ஊர்ப் பெண்கள் எல்லாரும் இருந்தார்கள். நான் இறங்கியதும் பேச்சு நின்றது. துணி அடிக்கிற சத்தம் மட்டும்.

"எங்கம்மா எங்க?" என்று பொதுவாகக் கேட்டேன்.

ஒருவரும் வாய் திறக்கவில்லை. இரண்டாம் நாளும் போய்க் கேட்டேன். மூன்றாம் நாளும் கேட்டேன். "நீங்க பேச வேணாம், தலையாவது ஆட்டுங்க. உசுரோட இருக்காங்களா?" ஒருத்தி அழுதுவிட்டாள். அழுதுகொண்டே குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

பேசாமல் இருப்பது என்றால் சின்ன விஷயம் என்று நினைக்கிறோம். அடித்தால் திருப்பி அடிக்கலாம், திட்டினால் திட்டலாம். பேசாமல் இருப்பவர்களை என்ன செய்வது? மூன்றாம் நாள் முடிவில், நான் நிஜமாகவே அங்கே இருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஏரித் தண்ணீரில் என் முகம் தெரிகிறதா என்று குனிந்து பார்த்தேன்.

நான்காம் நாள்தான் பட்டு எருமையை ஓட்டிக்கொண்டு வந்தாள். சின்ன வயதில் நானும் அவளும் ஒரே பாவாடையை மாற்றி மாற்றிக் கட்டியவர்கள். மூன்று நாளும் என் பக்கம் திரும்பாமல் இருந்தவள். அன்றும் திரும்பவில்லை. எருமையின் காதுப்பக்கம் குனிந்துகொண்டு, நான் முதலில் எழுதினேனே, அந்தச் சேதியைச் சொன்னாள்.

பாவாடை தண்ணீரில் போனது. பட்டுவின் பக்கத்தில் நின்ற ஒருத்தி அதைப் பிடித்து, பிழிந்து, ஒன்றும் பேசாமல் என் கல்லின் மேல் வைத்தாள்.

"நல்ல மழைடி கருப்பி, அப்போ" என்று பட்டு தொடர்ந்தாள். "ஏரி ரொம்பிக் கரை ஒடையறா மாதிரி கீது. ஆம்பளைங்க எல்லாம் மண்ணு போட்டுகினு கரைமேல. அந்தம்மா ஊட்ல ஜொரத்துல கெடக்கறாங்க. ரோட்ல கழுத்தளவு தண்ணி. அப்புறம் தூக்கினு போவசொல்லோ கூட கரைமேலதான் தூக்கினு போனாங்க. ஊர்ல ஒருத்தர் பாக்கியில்ல, எல்லாரும் போனோம்."

நானும் கருப்பியின் பக்கம் திரும்பினேன்.

"கருப்பி, எங்கம்மா என்னைக் கேட்டாங்களா?"

பட்டுவின் கை நின்றது.

"அத்த நான் சொல்லமாட்டேன், கருப்பி. அத்தச் சொல்ல வேண்டியவ வேற ஒருத்தி."

அழுதேன். துறையில் இருந்த எல்லாரும் நான் அழுது முடிக்கிற வரைக்கும் துணி அடிக்காமல் நின்றார்கள். அதன் பிறகு ஓர் அதிசயம் நடந்தது. மறுபடி துணி அடிக்கக் குனிந்த இன்னொருத்தி, தன் புடவையைப் பார்த்து, "கன்னியம்மா கீறாளே, வரப்புச் சண்டையில பக்கத்து நெலத்துக்காரன் மண்டைய ஒடைச்சவ, இப்ப அவன் ஊட்டுக்கே பொண்ணு குடுத்துட்டா!" என்றாள். குடம் விளக்கிக்கொண்டிருந்தவள் குடத்திடம் சொன்னாள்: தென்கரை மதகு இரண்டு தடவை உடைந்ததை, அவள் மாமனாருக்குக் கண் போனதை, அவளுக்கு இரட்டைப் பிள்ளை பிறந்ததை. பட்டு தன் புருஷன் கதையைச் சொன்னாள். ஆவடிப் பக்கம் பட்டாளத்துக்குக் கட்டடம் கட்டுகிற இடத்தில் அவனுக்கு மண் சுமக்கிற வேலை.

"யாரோ குடுத்த பூட்ஸைப் போட்டுகினு வந்தான், கருப்பி. கழட்டத் தெரியல. ரெண்டு நாளு அதோடவே படுத்துகினு கீறான்!"

நான் சிரித்துவிட்டேன். அம்மா இல்லை என்று தெரிந்து ஒரு நாழிகைகூட ஆகவில்லை. முகத்தில் கண்ணீர் காயவில்லை. அப்படியே சிரித்தேன். ஏழு வருஷத்து ஊர்ச் சேதி, பிறப்பு, சாவு, சண்டை, சமாதானம், அத்தனையும் ஒரே காலையில் எருமைக்கும் குடத்துக்கும் துணிக்கும் சொல்லப்பட்டது. கட்டுப்பாட்டை ஒருத்திகூட மீறவில்லை.

அண்ணி மட்டும் கடைசிக் கல்லில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. துவைத்த துணியையே திரும்பத் திரும்பத் துவைத்துக்கொண்டிருந்தாள்.

மதகடியில் கூட்டம்

சேதி பெரியதனக்காரருக்குப் போகாமல் இருக்குமா? மறுநாள் மதியம் மதகுப் பக்கம் ஊரைக் கூட்டினார். தண்ணீர் முறை பேசுவதற்குக் கூடுகிற இடம் அது. ஆண்கள் கீழே உட்கார்ந்தார்கள். பெண்கள் கரைமேல் நின்றார்கள். என்னையும் வரச் சொல்லி ஆள் வந்தது. வசந்தாவைக் கையில் பிடித்துக்கொண்டு போனேன். டீச்சர் பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டு, கூப்பிடாமலே பின்னால் வந்தார்.

"துறையில இவளாண்ட யாரு பேசினது?" என்று கேட்டார் பெரியதனக்காரர்.

"நான் என் எருமையாண்ட பேசினேன்" என்றாள் பட்டு. "எருமையாண்ட பேசக்கூடாதுன்னு நீங்க சொல்லலியே."

"நான் கொடத்தாண்ட" என்றாள் இன்னொருத்தி.

கீழே இருந்த ஆண்களில் இரண்டு பேர் துண்டால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். பெரியதனக்காரருக்குக் கோபம் தலைக்கேறியது. என் பக்கம் திரும்பினார்.

"பொழுது சாயறதுக்குள்ள நீ ஊரை வுட்டுப் போயிடணும்."

"போக மாட்டேன்" என்றேன்.

சொல்ல வந்ததை முழுக்கச் சொன்னேன்.

"நான் திருடல. பொய் சொல்லல. நாலு பேர் பார்க்க ஒருத்தரைக் கல்யாணம் பண்ணிக்கிட்டேன். அதுக்கு எங்கம்மா செத்ததைக்கூட எனக்குச் சொல்லாம மறைச்சீங்க. பதினஞ்சு மைல் தூரம். தண்ணி வடிஞ்ச பிறகாவது, ஒரு ஆள் காலையில கிளம்பினா மத்தியானம் வந்து சொல்லியிருக்கலாம். தப்பு யார் பண்ணினது? குண்டுக்குப் பயந்து வந்த யாரையும் நீங்க போகச் சொல்லல. என்னைப் போகச் சொன்னா, தூக்கிக்கிட்டுப் போய் வெளியில போடுங்க. மறுபடி வருவேன்."

பெரியதனக்காரர் என் அண்ணனைப் பார்த்தார்.

"கோவிந்தா, நீ சொல்லு. இவ உன் தங்கச்சியா?"

அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "எனுக்குத் தங்கச்சி இல்ல."

"இல்லாத தங்கச்சியவா உங்கம்மா கேட்டுகினு கெடந்தாங்க?"

கரைமேலிருந்து வந்த குரல். அண்ணி. கூட்டத்தில் அவள் பேசி யாரும் கேட்டதில்லை. அண்ணனை ஒருமையில் பேசி நானும் கேட்டதில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு கீழே இறங்கி வந்தாள்.

"மரகதத்துக்கு ஆள் அனுப்புடா, அனுப்புடான்னு ஒரு நாள் பூரா கேட்டாங்க. நீ மாட்டேன்ன. அதுக்கப்புறம் மூணு நாளு, உசுரு போற வரிக்கும், உன்னாண்ட ஒரு வார்த்தை பேசல. நீ தண்ணி குடுத்தா வாய மூடிகினாங்க. நான் குடுத்தா குடிச்சாங்க. அம்மா பேச மாட்டேங்கறாளேன்னு மாட்டுக்கொட்டாயில உக்காந்து நீ அழுதத நான் பாத்தேன்யா. பேசாம வுட்டா எப்பிடி இருக்கும்னு உனுக்குத் தெரியும். தெரிஞ்சுகினே இவளுக்குப் பண்ற."

அண்ணன் முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டான்.

அண்ணி என்னிடம் வந்தாள். வசந்தாவின் கையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். ஊரே பார்க்க, என் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"மரகதம், வா. சோறு ஆறுது."

"இந்தாம்மா, கட்டுப்பாடு..." என்று பெரியதனக்காரர் எழுந்தார்.

"எங்கூட்டு சோறு. எங்கூட்டு நாத்தனா. கட்டுப்பாடு போட்டவங்க எனுக்கும் போட்டுக்கோங்க."

கரைமேலிருந்து பெண்கள் ஒவ்வொருவராக இறங்கி எங்கள் பின்னால் நடக்க ஆரம்பித்தார்கள். ஆண்களில் ஒருவனும் எழுந்து தடுக்கவில்லை. கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தேன். பெரியதனக்காரர் மறுபடி உட்கார்ந்து, நாளைக்கு யார் வயலுக்குத் தண்ணீர் முறை என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

சோறு

அந்த வருஷம் ஆடி வரைக்கும் ஊரில் இருந்தேன். பட்டணத்தில் பயம் தெளிந்து ஜனங்கள் திரும்பிய பிறகுதான் நானும் திரும்பினேன். என் மேல் போட்ட கட்டுப்பாட்டை யாரும் முறைப்படி எடுக்கவில்லை. எடுக்கச் சொல்லி நானும் கேட்கவில்லை. அந்தக் கணக்கில் பார்த்தால் அந்த ஊரில் இன்றைக்கும் என்னோடு யாரும் பேசக்கூடாது. வாராவாரம் யாராவது ஒருவர் வந்து என் வீட்டில் காபி குடித்துவிட்டுப் போகிறார்கள்.

அந்த மதியத்தை மட்டும் சொல்லி முடித்துவிடுகிறேன்.

அண்ணி கத்தரிக்காய்க் குழம்பு வைத்திருந்தாள். சோறு உண்மையிலேயே ஆறித்தான் போயிருந்தது. வசந்தா நாலு வாய் சாப்பிட்டுவிட்டு அண்ணியின் மடியில் தூங்கிவிட்டாள். நான் இலையில் கைவைத்தபடி, அம்மா படுத்திருந்த மூலை எது என்று கேட்டேன். அண்ணி காட்டினாள். அங்கே இப்போது நெல் மூட்டை அடுக்கியிருந்தது.

அண்ணன் வந்தான். உள்ளே வந்து சுவரோரம் நின்றான். அப்புறம், எனக்கு மட்டும் கேட்கிற குரலில் கேட்டான்:

"என்னாண்ட பேசுவியா, மரகதம்?"

ஏழு வருஷத்துக்குப் பிறகு அவன் வாயிலிருந்து என் பெயர். உடனே எழுந்து அவன் காலைக் கட்டிக்கொண்டு அழலாம் போல இருந்தது. எழவில்லை. அம்மா பேசாமல் படுத்திருந்த மூன்று நாளை நினைத்துக்கொண்டேன்.

"உள்ள வந்து ரகசியமா பேசறதெல்லாம் எனக்கு வேணாம்ண்ணா. தங்கச்சி இல்லன்னு ஊர் கேக்கச் சொன்ன. பேசறதா இருந்தா அதையும் ஊர் கேக்கப் பேசு."

அவன் என்னைப் பார்த்தான். பிறகு வெளியே போனான். போய்விட்டான் என்றுதான் நினைத்தேன். அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள்.

திறந்திருந்த வாசல் வழியே பார்த்தேன்; அவன் தெருவைத் தாண்டி, எதிர்ச்சாரியில் போய் நின்றான். மதகிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ஆண்களெல்லாம் தெருவில் வந்துகொண்டிருந்தார்கள். பெரியதனக்காரரும் அவர்களோடு வந்தார். அவர்கள் எல்லாரும் நெருங்கி வருகிற வரைக்கும் காத்திருந்துவிட்டு, வயலில் ஆளைக் கூப்பிடுவதைப் போலக் கையை வாயருகே குவித்துக்கொண்டு அண்ணன் கத்தினான்:

"தங்கச்சீ! துன்னுட்டியா?"

நான் வாயில் சோற்றோடு, அவனைவிடச் சத்தமாகக் கத்தினேன்:

"இன்னும் இல்லண்ணா! நீயும் வா!"